சுவரோரக் குளியல்

ஏப்ரல் 29, 1979. ஞாயிறு.

காலையிலேயே வெக்கை. முருங்கை மரத்தில் உட்கார்ந்த காகம் வாயைத் திறந்தபடியே இருந்தது, கத்தவில்லை.

மாலதியிடமிருந்து கார்டு. அரக்கோணத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு, மே 19ஆம் தேதி. மறுநாள் ஞாயிறு எங்களோடு கிளம்பி வந்துவிடுவாள். பிரசவம் இங்கேதான். கார்டின் ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி ஒரு வரி: "நைனா, நம்ம பாத்ரூம் தரை வழுக்குமே, அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு." முதல் பிரசவத்துக்கு வரும் பெண் புடவை கேட்கவில்லை, வளையல் கேட்கவில்லை. கேட்டது அது ஒன்று.

நியாயமான பயம். கடப்பைக் கல் பாவிய தரை. இந்த வீட்டை வாங்கிப் பதினான்கு வருஷம். அத்தனை வருஷத்து எண்ணெயும் சீயக்காயும் கல்லில் ஊறிக் கிடக்கின்றன. போன மார்கழியில் சரோஜாவே வழுக்கி முழங்கை வீங்கிப் படுத்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி அங்கே கால் வைக்கக் கூடாது.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு தொகை சொன்னார். பத்திரிகையிலிருந்து எனக்கு வருவதை இரண்டு மாதத்துக்கு அப்படியே அவர் மடியில் கட்டிவிட வேண்டும். பிரசவச் செலவு வேறு நிற்கிறது. ஆகவே நானே செய்வதென்று தீர்மானம். கரணை, மட்டப்பலகை, ரசமட்டம் இரவல் கிடைக்கும். கடப்பாரை வீட்டில் உண்டு. ஐம்பத்தேழு வயதில் கொத்து வேலை பழகுவதில் தவறில்லை.

உத்தேசம்: பழைய கல்லைப் பெயர்ப்பது. புதுத் தளம், சொரசொரப்பாக. உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை. தகரக் கதவுக்குத் தாழ்ப்பாள்.

சாக்கடையைத் தொட வேண்டாம். இந்தத் தெருவில் அடைத்துக்கொள்ளாத சாக்கடை நம்முடையது ஒன்றுதான். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தரையிலுள்ள ஓட்டை வழியே ஒரே இழுப்பில் போய்விடும். அக்கம்பக்கத்தில் மூங்கில் குச்சி விட்டுக் குத்திக்கொண்டிருக்கும்போது நான் பெருமையாகச் சொல்வதுண்டு.

சரோஜாவுக்கு இதில் இஷ்டமில்லை.

"தரைய எதுக்குங்க பேக்கறீங்க? மேலயே சிமெண்ட்ட பூசிட்டுப் போங்களேன்."

"வழவழப்புக் கல்லு மேல சிமெண்ட் ஒட்டாது."

"ஒட்ற வரைக்கும் ஒட்டட்டும். அவ வந்து இருக்கப் போறது ஆறு மாசம்."

சிக்கனக்காரி. அதனால் சொல்கிறாள்.

பாத்ரூம் வெளிச்சுவரில் ஆணியில் தொங்கிய பழைய தாம்புக் கயிற்றை எடுத்துக் கொட்டகையில் போட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கயிறு மறுபடி ஆணியில். கேட்டதற்கு, "அது அங்கதான் இருக்கணும்" என்றாள். சரி.

ஏரி மதகுப் பழுது பற்றி அரைப்பக்கம் எழுதிக் கடைசி பஸ்ஸில் அனுப்பினேன்.

மே 2. புதன்.

சிமெண்ட் பர்மிட்டுக்காகக் காஞ்சிபுரம். வரிசையில் நிற்க நிழல் இல்லை. நிருபர் என்று சொல்லி முன்னே போயிருக்கலாம். போகவில்லை, போனால் அப்புறம் அந்த அலுவலகத்தைப் பற்றி எழுத முடியாது.

வரிசையில் கேட்டது. முன்னால் நின்றவர்: "பொண்ணு கேக்கப் போனப்ப கூட இம்மாம் நேரம் நிக்கல." பின்னால் நின்றவர்: "அங்கயே நின்னுட்டிருந்தா வூடு கட்ட இங்க வந்து நிக்க வேண்டி வந்திருக்காது, வுடு."

கேட்டது எட்டு மூட்டை, கிடைத்தது நான்கு. திரும்பும் வழியில் ஓட்டுக் கடையில் உடைசல் மொசைக் துண்டுகள் ஒரு சாக்கு. நிறம் ஒன்றுக்கொன்று சேராது. சொரசொரப்பு இருக்கிறது, அது போதும்.

பஸ்ஸில் சாக்கின் மேல் ஒருவர் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போது, "உங்க சோத்து மூட்ட ரொம்ப கல்லுங்க" என்றார்.

மே 4. வெள்ளி. கத்திரி ஆரம்பம்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

சரோஜா கோயிலுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "வெள்ளிக்கெழமையும் அதுவுமா கடப்பாரைய தொடாதீங்க" என்றாள். தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். 20ஆம் தேதிக்குள் தளம் காய வேண்டும்.

கதவோரம் இருந்த மூன்று கற்கள் சுலபமாக வந்தன. அடியில் மணல். பிறகு நடுக்கல். இரண்டடிச் சதுரம். மற்றவற்றைவிடச் சாந்து கனமாகப் போட்டிருந்தது. கடப்பாரையை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். கல் ஒரு சாண் எழும்பியது. அதன் அடியிலிருந்து ஒரு பிடி சாந்து உடைந்து உள்ளே விழுந்தது.

சத்தம் வரவில்லை.

பிறகு வந்தது. தண்ணீரில் விழுந்த சத்தம்.

முதலில் சமையலறையில் ஏதோ உருண்டதென்று நினைத்து அந்தப் பக்கம் பார்த்தேன். வீட்டில் யாருமில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. பாசி நாற்றம். கத்திரி முதல் நாள், வெளியே அனல், என் முகத்தில் மட்டும் ஜில்லென்று.

நான் நின்றிருந்தது அடுத்த கல்லின் மேல்.

கடப்பாரையை விட்டுவிட்டேன். கல் பழையபடி உட்கார்ந்தது. மண்டிபோட்டுத் தவழ்ந்து சுவரோரம் போய் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

கொஞ்சம் தைரியம் வந்ததும் சுவரோரமாகவே இருந்துகொண்டு கல்லைக் கயிறு கட்டி இழுத்து அப்புறப்படுத்தினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கிணறு. செங்கல் கட்டிய வட்டக் கிணறு. வாய்க்குக் குறுக்கே ஐந்து பனங்கட்டைகள். அதன்மேல் கல். அதன்மேல் பதினான்கு வருஷமாக நாங்கள். ஐந்தில் ஒன்று முறிந்து ஒரு முனை தொங்குகிறது. சுவரின் பக்கம் ஓர் ஓட்டை, அதிலிருந்து கீழே வரை கறுப்பாகச் சோப்புக் கறை. நான் பெருமையடித்துக்கொண்ட சாக்கடை.

சரோஜா தட்டோடு வந்து தகரக் கதவருகில் நின்றாள். குழியைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"எங்க நின்னீங்க?"

"இங்கதான்."

"எந்தக் கல்லு மேல?"

காட்டினேன். அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தட்டு சாய்ந்து குங்குமம் எல்லாம் மடியில்.

அவள் அடுப்பு மூட்டவில்லை. காலைச் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. இது என்ன என்று அவள் கேட்கவில்லை.

மே 5. சனி.

காலை எழுந்ததும் அளவு எடுத்தேன். அளந்தால் மனம் அடங்கும் என்று. வாய் நாலரை அடி. கல் கட்டிக் கயிறு விட்டதில் ஆழம் இருபத்தெட்டு. அடியில் தண்ணீர். தொங்காத நான்கு பனங்கட்டைகளையும் சமையல் கத்தியால் குத்திப் பார்த்தேன். இட்லியில் இறங்குவதுபோல இறங்கியது. மனம் அடங்கவில்லை.

திசை பார்த்தேன். தென்கிழக்கு. அக்னி மூலை.

அங்கே கிணறு இருந்தால் வீட்டுப் பெண்களுக்கு ஆகாது என்பார்கள். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். காலமாகிவிட்ட என் அம்மா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். இந்த வீட்டையும் அவள் சுற்றிப் பார்த்தபிறகுதான் முன்பணம் கொடுத்தோம். "கெணறு ஈசானியத்துல கீது, லட்சணமான வூடு" என்று அவளே சொன்னாள். அவள் பார்த்த கிணறு வடகிழக்கில் இருப்பது. இப்போதும் நாங்கள் இறைப்பது அதில்தான்.

வீட்டை விற்றவர் ஏகாம்பரம். பட்டுப் புடவை வியாபாரம். நாலாவது வீடு. பதினான்கு வருஷமாக எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வருகிறவர். போனேன். கூடத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். நாஷ்டா ஆச்சா?"

"பாத்ரூம் தரையைப் பேத்தேன்."

புடவை கையிலேயே நின்றது. மடிப்பைச் சரிசெய்து, முழுவதும் மடித்து, அட்டையில் வைத்து, அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"யாரும் வுழுந்துடலியே?"

"இல்லை."

"காமாட்சி காப்பாத்தினா."

"நீங்க சொல்லியிருந்தா அவளுக்கு வேலை மிச்சம்."

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். பெண் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டைப் பார்க்க வந்த இரண்டு பேர் அக்னி மூலைக் கிணற்றைப் பார்த்துவிட்டு வாசலில் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அதனால் ஈசானியத்தில் வேறு கிணறு வெட்டினார். பழையதை மறைத்து மேலே பாத்ரூம் கட்டினார்.

"மறைச்சீங்க சரி. தூர்த்துட்டு மறைச்சிருக்கலாமே."

அவர் முகம் மாறிவிட்டது. நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதுபோல.

"இன்னா சார் இப்டி சொல்றீங்க? ஊத்துக் கண்ண அடைக்கலாமா? அது பெத்த தாய் வாயில மண்ணு போடற மாதிரி. ஏழு தலமொறைக்கு ஆவாது. அதான் மேல மட்டும் மூடினேன்."

பாவம் வேண்டாமென்று தூர்க்கவில்லை. கிணற்றின் வாயை மண் போட்டு அடைக்க மனம் வரவில்லை. அதன்மேல் ஒரு குடும்பத்தை நிற்கவைக்க மனம் வந்தது. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் சொல்லாம வுடல சார்."

"எப்போ சொன்னீங்க?"

"நீங்க பால் காச்சின அன்னிக்கே. ஆம்பள கிட்ட சொன்னா வெவகாரம் ஆவும்னு எங்கூட்டுக்காரம்மாவ வுட்டு உங்கூட்டம்மா கிட்ட சொல்லச் சொன்னேன். செத்துப்போன மவராசி மேல சத்தியம். சொல்லிட்டேன்னு வந்து சொன்னா."

"யார்கிட்ட?"

"தங்கச்சி கிட்டதான் சார். சரோசா கிட்ட."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். "பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் பூதக்கண்ணாடி வெச்சிப் பாத்தீங்க. தண்ணி எங்க போவுதுன்னு நீங்களும் கேக்கல" என்றது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். சரோஜா வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். ஆனால் இரண்டாவது ஆள் யார் இருக்கிறார்? ஏகாம்பரத்தின் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

இதைச் செய்தியாக எழுதினால் எப்படித் தொடங்குவேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் வாக்கியமே வரவில்லை. முப்பது வருஷத்தில் பஸ் கவிழ்ந்ததற்கு வந்திருக்கிறது, குடிசை எரிந்ததற்கு வந்திருக்கிறது.

மே 6. ஞாயிறு.

கேட்டுவிட்டேன்.

பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பால் காச்சின அன்னிக்கிலேர்ந்தா?"

"அன்னிக்கு சாய்ந்தரத்துலேர்ந்து."

கீரை ஆய்வது நிற்கவில்லை. நான்தான் காம்பையும் இலையையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். முறத்தை என் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? உங்க அம்மா கிட்ட சொல்லுவீங்க. அவங்க மறுநாளே வித்துடுன்னுவாங்க. வேலூருல வாசப்படி சரியில்ல. செங்கல்பட்டுல சமையக்கட்டு சரியில்ல. திருத்தணில எதுத்தாப்புல தெருக்குத்து. ஒவ்வொரு வூட்லயும் ஒரு கொற. நீங்க பேப்பரத் தூக்கிக்கினு போயிடுவீங்க. பாத்திரம் கட்டறது யாரு? அடுப்பு போடறது யாரு? மொத தபாவா சொந்த வூடு. கெணத்து மேல நின்னு குளிச்சாலும் பரவால்ல, இன்னொரு தபா என்னால மூட்ட கட்ட ஆவாதுன்னு இருந்துட்டேன்."

"குழந்தை இருந்துச்சேடி வீட்டுல. எட்டு வயசு."

இதற்கு மட்டும் கை நின்றது.

"அவள நான் தனியா வுட்டதே இல்ல. பெரிய மனுஷி ஆவற வரைக்கும் நான்தான் குளிப்பாட்டினேன். செவுத்தோரமா மண போட்டு. அப்பால, அவ உள்ள குளிச்சா நான் வெளிய நிப்பேன்."

செவுத்தோரமா நில்லுடி. மாலதி கல்யாணமாகிப் போகும்வரை இந்த வீட்டில் தினமும் கேட்ட குரல். வழுக்கினால் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். மாலதிக்கு மஞ்சள் நீர் ஊற்றியபோது, பாத்ரூமில் வேண்டாம், முற்றத்தில் பச்சை ஓலை கட்டித்தான் ஊற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் இப்போது விளங்குகிறது. பத்துப் பெண்கள் உள்ளே நெருக்கியடித்து நின்றிருப்பார்கள்.

"மாலதிக்குத் தெரியுமா?"

"கெணறுன்னு தெரியாது. நடுவுல நிக்கக் கூடாதுன்னு தெரியும்."

"அம்மா?"

"அவங்களுக்கும் நான்தான் தண்ணி மோந்து ஊத்தினேன், கடசி வரைக்கும். மருமவ தாங்கு தாங்குன்னு தாங்கறான்னு தெருவே சொல்லிச்சி." ஒரு மாதிரி சிரித்தாள். "நானும் வேணாம்னு சொல்லல."

"நான்?"

"உங்களுக்கு இன்னா? வாளிய நான்தானே வெப்பேன். வாளி கீற எடத்துலதான் நீங்க குந்துவீங்க. பேப்பர்ல எது எங்க வரணும்னு உங்களுக்குத் தெரியும். வாளி எங்க கீதுன்னு பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. எப்போதும் சுவரோரம்தான் இருந்தது.

"நான் குளிக்கும்போதெல்லாம் நீ வெளியே துணி தோய்ப்பியே."

"ஆமா."

"தினமுமா?"

"தோய்ச்ச துணியவே சில நாளு திரும்பத் தோய்ப்பேன்."

அப்போதுதான் கயிறு நினைவுக்கு வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஆணியில், சுருள் பிரியாமல், சட்டென்று எடுக்கும்படி. அவளும் பார்த்தாள். கேட்கத் தேவையிருக்கவில்லை.

"நீங்க கனமா கீறீங்க," என்றாள். "இழுக்க முடியுமான்னு அதுதான் எனக்கு பேஜாரு."

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து ஏரிக்கரை வரை போய்வந்தேன். தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் ஒரு பாயளவு. மாடுகள் படுத்திருந்தன.

கோபமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தெரியவில்லை. அவள் எங்கள் எல்லோரையும் ஒரு கிணற்றின்மேல் வைத்திருந்தாள். ஒரு நாளும் தவறாமல் பக்கத்தில் நின்றும் இருக்கிறாள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத வரவில்லை.

மே 7. திங்கள்.

தூர்ப்பதா, திறப்பதா. சரோஜா: "தூர்த்துடுங்க. மாலதி வர்றதுக்குள்ள அது இல்லாம போவணும்."

கிணறு வெட்டும் கன்னியப்பன் வந்து பார்த்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுமேலயா குளிச்சிக்கினு இருந்தீங்க? தெகிரியம்தான்" என்றார். வேறு விமர்சனம் இல்லை. தூர்த்துத் தருவார். ஒரு மழைக்காலம் போனால்தான் மண் அமரும், அதற்குள் மேலே தளம் போட்டால் இறங்கும் என்கிறார். எங்களுக்கு மழைவரை அவகாசமில்லை.

யோசித்ததில் வழி பிறந்தது. மாட்டுக்கொட்டகை பிரித்த ஒரு வீட்டில் கருங்கல் கால்கள் கிடக்கின்றன, ஆறடி நீளம். தூர்த்த பிறகு வாய்க்குக் குறுக்கே அவற்றை நெருக்கமாகப் பரப்பினால் மண் இறங்கினாலும் தளம் நிற்கும். வண்டிக்கூலி மட்டும்தான். தூர்க்க, இடிந்த நெல் மில்லின் செங்கல் இடிபாடு. அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றார் மில்காரர்.

நேற்று முழுவதும் கன்னம் ஒட்டிப்போய் இருந்தவள் இன்று மீன்காரியிடம் பேரம் பேசினாள்.

மே 8. செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை தொடங்கக் கூடாது என்று இருவரும் சொன்னார்கள். கன்னியப்பனும் சரோஜாவும். நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கிணற்றின் வாயைத் திறந்தவன்.

குடிநீர்த் தொட்டி பற்றிச் செய்தி அனுப்பினேன். ஒரு வாக்கியத்தில் 'ஊராட்சி' என்பதற்குப் பதில் 'கிணறு' என்று எழுதி அடித்தேன்.

மே 9. புதன்.

விடிந்ததும் தொடங்கியது. மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார் கன்னியப்பன். ஒரு சொம்பு பால் உள்ளே. "தாயே, கோச்சிக்காத. புள்ளத்தாச்சி வர்றா" என்று கிணற்றுக்குள் குனிந்து சொன்னார். பக்கத்து வீட்டுக்குத் தகவல் சொல்வதுபோல.

ஓரமாக ஒரு குழாய் நிற்கவைத்து அதைச் சுற்றித்தான் தூர்க்கவேண்டுமாம். ஊற்றுக்கு மூச்சு விட. ஏகாம்பரத்தின் ஏழு தலைமுறைப் பாவத்துக்கு ஒரு சிமெண்ட் குழாய் போதும் என்று அன்றைக்கே யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

முதல் வண்டி இடிபாடு உள்ளே போனபோது வந்த சத்தத்தில் சரோஜா காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்தடுத்த வண்டிகளுக்குப் பழகிவிட்டது.

மாலையில் முகம் கழுவ ஈசானியக் கிணற்றில் வாளி விட்டேன். செம்மண் கலங்கல். மேலே நுரை. இங்கே போட்டால் அங்கே கலங்குகிறது. இரண்டும் ஒரே ஊற்று. குடிக்கத் தெருக்குழாய்த் தண்ணீர் என்பது ஒன்றே ஆறுதல். மற்றபடி குளித்த தண்ணீரையே இறைத்து மறுபடி குளித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கன்னியப்பனிடம் சொன்னேன். "அதான் சோப்பு கம்மியா செலவாயிருக்கும்" என்றார்.

மே 11. வெள்ளி.

தூர்த்தாயிற்று, நேற்றே. இன்று கருங்கல் கால்கள் பரப்பினோம். எட்டு. இரண்டு பக்கமும் நல்ல மண்ணில் முக்கால் அடி ஏறி உட்காரும்படி. தட்டிப் பார்த்தேன். கல் சத்தம்.

சிமெண்ட் கலக்கப் போனபோது சரோஜா தடுத்தாள். "இருங்க. அண்ணன கூப்பிடுங்க."

"எந்த அண்ணன்?"

"நாலாவது வூட்டு அண்ணன். மொதல்ல அவரு நிக்கட்டும்."

ஏகாம்பரம் வந்தார். பட்டு அங்கவஸ்திரம், கையில் விசிறி. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் அவர் கைகால் கழுவியது எல்லாம் வாசல் குழாயில்தான். பின்கட்டுக்குக் கூப்பிட்டால், வெற்றிலை போட்டிருக்கிறேன், எழுந்திருக்க முடியவில்லை என்று ஏதாவது சொல்வார். அடக்கமான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

"உள்ள போய் நடுவுல நில்லுங்கண்ணே," என்றாள் சரோஜா.

"எதுக்கும்மா? சார் நல்லாதான் போட்டுக்கீறாரு."

"நல்லாதானே போட்டுக்கீறாரு. நில்லுங்க."

கன்னியப்பன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்க. ஏகாம்பரம் செருப்பைக் கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தார். அடுத்த காலை வைத்தார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்குநுனி வரை வந்து நின்றது.

"கைய வுடுங்க."

விட்டார். நின்றார்.

"குதிங்க."

"தங்கச்சி, எனக்கு அறுவத்தி மூணு."

"எனக்கு முப்பத்தாறு, நான் இதும்மேல வந்து நின்னப்போ. மாலதிக்கு எட்டு."

குதித்தார். அரை அடிகூட எழும்பவில்லை, ஆனால் குதித்தார். ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன் சார்" என்றார். என்னிடம்தான் சொன்னார். சரோஜா, "இருங்கண்ணே, காபி போடறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

மே 13. ஞாயிறு.

தளம் போட்டாயிற்று. ஜல்லி, மணல், சிமெண்ட் நானே கலந்தேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். புது வாட்டம் வெளிப்பக்கமாக, வாழைப் பாத்திக்கு. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்காமல் வாழைப்பக்கம் சாய வேண்டும் என்பதற்காக மூன்று முறை இழுத்தேன். ஈரச்சாக்கு போட்டு மூடியிருக்கிறது.

தண்ணீர் எங்கே போகிறது என்று இனி கேட்பேன். யார் வீட்டிலும்.

மே 17. வியாழன்.

மொசைக் துண்டுகள் பதித்து முடிந்தது. சிவப்பு, சாம்பல், பச்சை, ஒரே ஒரு நீலம். பார்க்க ஒட்டுப்போட்ட துணி மாதிரி. ஈரக்காலோடு நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை. மேடையில் உட்கார்ந்து எழுந்தேன். தாழ்ப்பாள் சரியாக விழுகிறது.

முதல் வாளித் தண்ணீரை நடுவில் கொட்டினேன். வாழைக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய இழுப்பு இல்லை, நிதானமாகப் போகிறது.

சரோஜா சுற்றிவந்து பார்த்தாள். "நீலம் எதுக்கு?" என்றாள். நடுக்கல் இருந்த இடம் என்று சொல்லவில்லை. "சாக்குல ஒண்ணுதான் இருந்துச்சு," என்றேன்.

அப்புறம் நடுவில் நின்றே குளித்தேன். சரோஜா வெளியே இல்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக யாரும் வெளியே காவல் நிற்காமல் குளிக்கிறேன். சோப்புப் போடும்போது இது தோன்றிக் கொஞ்சம் தனியாக இருந்தது.

கயிறு இன்னும் ஆணியில்தான். நான் எடுக்கவில்லை.

மே 20. ஞாயிறு.

அனல் காற்று. அரக்கோணத்திலிருந்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது. மாலதி கைநிறையக் கண்ணாடி வளையல், முகம் வீங்கி, கால் வீங்கி. வாசலில் ஆரத்தி. ஏகாம்பரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து தூரத்தில் நின்றார். சரோஜா உள்ளே கூப்பிட்டாள்.

கிணற்றுக் கதையை இவளிடம் இப்போது சொல்ல வேண்டாம், பிள்ளை பிறக்கட்டும் என்று நானும் சரோஜாவும் பேசிக்கொண்டோம். இந்த வீட்டில் இனி அதை மறைப்பது இரண்டு பேர்.

"நைனா, நீயேவா போட்ட?" என்று தரையைப் பார்த்து வாயில் கைவைத்தாள். "கலர் கலரா கீதே. அந்த நீலம் அழகா கீது."

"நடுவுல நின்னு குளி. வழுக்காது. மேடையும் இருக்கு."

"சரி நைனா."

சரோஜா வாளியைக் கொண்டுபோய் நீலத்துண்டின் மேல் வைத்ததைப் பார்த்தேன். அப்படி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போனாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. வளையல் சத்தம். வாளி தரையில் இழுபடும் சத்தம். பிறகு தண்ணீர்.

குளித்துவிட்டு வந்து, "ரொம்ப சொகமா கீது நைனா, காலு கொஞ்சங்கூட வழுக்கல" என்றாள். தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் போய்ப் பார்த்தேன்.

வாளி சுவரோரம் இருந்தது. சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு ஈரம். நீலத்துண்டு காய்ந்தே கிடந்தது.